புதன்கிழமைக் கோழியும் கபூரி பானும்

ஏரவாடாவில் எங்கள் பக்கத்து வீட்டு அருணாச்சலத்துக்கு மராத்தி நன்றாகத் தெரியும் என்று சொன்னவர் ஒருவர்தான். அது அருணாச்சலம். திருநெல்வேலியிலிருந்து வங்கி வேலைக்கு வந்தவர் அவர்; கூட வந்து இருபது வருஷம் ஆகியும் காய்காரனிடம் மராத்தி பேசத் தடுமாறும் மனைவி ருக்மிணியை அவர் கேலி செய்யாத நாளில்லை. அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

புதன்கிழமை அவர்கள் வீட்டில் பச்சை மசாலாக் கோழி. காலையிலேயே கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், பூண்டு, இன்னும் ஓர் இலை எல்லாம் அரைத்து, தயிரில் கலந்து, கீறிய துண்டுகளில் பூசி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவாள். சாயங்காலம் அவர் குளித்துச் செய்தி பார்த்து முடிப்பதற்குள், சப்பாத்தி சுடும் கம்பி வலையில் வாட்டித் தட்டில் வைத்துவிடுவாள். அவ்வளவுதான் வேலை. உட்கார்ந்து சாப்பிட்டவருக்கு அதுவும் தெரியாது.

2004 மழைக்காலத்தில் ருக்மிணிக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. ஏதாவது ஒரு சொல் பாதியாக வரும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் சாப்பிடவே மறுத்தாள். ஊட்டிய கஞ்சியை வழியவிட்டாள். இப்படியே போனால் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கேஸ் பற்றவைக்கக்கூடத் தெரியாத மனிதர், அந்தப் புதன்கிழமை கோழி வாங்கி வந்தார். நடந்ததை அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

"ஏளா ருக்கு, இன்னொரு இலை போடுவியே, அது என்னது?"

அவள் உதட்டோடு போராடி, "கற்... பூர..." என்றாள். இடது கையைப் பால்கனிப் பக்கம் நீட்டினாள்.

"காத்தடிக்கோ?" என்று போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

கற்பூரம் என்றால் கபூர், இலைக்கு பான். மராத்திப் புலவர் கணக்குப் போட்டுவிட்டார். காய்காரனிடம் போய் கபூரி பான் கேட்டார். "சமோர்!" என்று அவன் எதிரே பீடாக் கடையைக் காட்டினான். அங்கே கொடுத்தது வெற்றிலை. அப்போதாவது உறைத்ததா? "அட, கற்பூர வெத்தலையா! இத்தனை வருஷமா என்னைய வெத்தலை தின்ன வச்சிருக்காளே!" என்று சிரித்துக்கொண்டே வந்து அரைத்தாராம்.

வலையில் கோழி வாடும் வாசனைக்கு அவள் தானாகவே வாயைத் திறந்தாள். நார்நாராகப் பிய்த்து ஊட்டினார். ஒரு கடி. முகம் கோணியது. துப்பிவிட்டாள். கண்ணீர் வழிய மறுபடியும் பால்கனியைக் காட்டினாள்.

"குளுருதா?" என்று போர்வையை இழுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் என் மகள் அம்முவுக்கு இருமல். எப்போதும்போல ருக்மிணியின் பால்கனித் தொட்டியில் கற்பூரவல்லி பறிக்கப் போனேன். சாத்தியிருந்த கதவைத் திறந்து நாலு இலை கிள்ளினேன்.

"நீலா, அது என்ன இலை?"

"கற்பூரவல்லி, அண்ணாச்சி. அக்கா கோழிக்கு அரைப்பாங்களே."

மனிதர் தொட்டியைப் பார்த்தார். இருபது வருஷமாக அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேப்பர் படித்தார்.

என் கையிலிருந்த இலையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். கசக்கி அவள் மூக்கருகே பிடித்தார். "ஏளா, இதத்தான சொன்ன? இன்னைக்கே பண்ணித் தாரேன். வாயத் தெறளா. ஒரு வாய்..."

ருக்மிணி இலையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றைக்கும் அவர் கோழி செய்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த இடது கை அதன்பின் எதையும் சுட்டிக்காட்டவும் இல்லை.