கதவைத் தானே திறந்தாளாம்

இன்று காலை காசிமேட்டில் மீன் விற்கும் கன்னியம்மாவின் வீட்டுக் கதவை மதுவிலக்குப் போலீசார் உடைத்தார்கள். வாரண்ட் இல்லை. தேடிப் பார்த்தால் சாராயமும் இல்லை.

பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் என்னைச் சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள். உடைந்த பலகைமேல் நின்றுதான் காகிதத்தைப் படித்தேன்: 'வீட்டுக்காரி தானே கதவைத் திறந்துவிட்டாள்.'

"போடுய்யா. உன் கடையிலயும் சோதனை போடணுமா?" என்றார் ஏட்டு.

போட்டேன்.

"அண்ணாச்சி, அதுல இன்னா எழுதிகீது?" என்று கன்னியம்மா கேட்டாள்.

"ஒண்ணும் அகப்படலன்னு எழுதியிருக்கு."

அப்படியும் ஒரு வரி இருந்தது.

புது அரசியல் சட்டம் நமக்குத் தந்த உரிமைகளைப் போன வாரம் அவளுக்குப் பேப்பரிலிருந்து சத்தமாகப் படித்துக் காட்டியவனும் நான்தான்.

கடை சாத்தியதும் என் வீட்டுக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டேன். அதை உடைக்க வரும்போது சாட்சிக் கையெழுத்துப் போட உங்களில் யார் வருகிறீர்கள்?