கொற்கை போகிற வழியில், சாவியை எடுத்தும் நிற்காத எஞ்சின்

கொற்கையைப் பார்க்க வேண்டும் என்பது என் மனைவி ஜான்சியின் ஆசை. கல்லூரியில் வரலாறு எடுக்கிறாள். பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் இன்று கடலைவிட்டு விலகி வயல் நடுவே கிடப்பதை நேரில் பார்க்காமல் எப்படிப் பாடம் நடத்துவது என்பாள். போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, காலை ஆறரைக்கு மதுரையிலிருந்து எங்கள் பழைய டீசல் ஜீப்பில் கிளம்பினோம்.

அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி சுமார் 140 கிலோமீட்டர். வண்டி பறந்தது. "என்னங்க, இன்னிக்கு இந்த இழு இழுக்குது?" என்றாள் ஜான்சி. சர்வீஸ் செய்ததாகச் சொன்னேன். எட்டே முக்காலுக்கெல்லாம் துறைமுகச் சாலையைக் கடந்து திருச்செந்தூர் ரோட்டைப் பிடித்தோம். இருபக்கமும் உப்பளம்.

முத்தையாபுரம் தாண்டி ஒரு லாரியை முந்தினேன். விசில் மாதிரி ஒரு சத்தம், பிறகு டங்கென்று ஓர் அடி. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தும் வேகம் குறையவில்லை. கிளச்சை மிதித்து ஓரங்கட்டி, நியூட்ரலில் போட்டுச் சாவியை உருவினேன். சாவி என் கையில். எஞ்சின் முன்னைவிடப் பயங்கரமாக அலறுகிறது.

ஜான்சி இறங்கி ஓடினாள். ரோடு முழுக்க வெண்புகை. அதற்குள்ளிருந்து சீறி வந்த பைக் ஒன்று அவள் துப்பட்டாவை இழுத்துக்கொண்டு போனது. அவள் விழவில்லை. அந்த ஒரு நொடி இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

நான் முந்திய லாரியின் டிரைவர் இறங்கி ஓடிவந்தார். "சாவிக்கெல்லாம் நிக்காது வே! டாப் கியரப் போட்டு, பிரேக்க அமுக்கிக்கிட்டு கிளச்ச விடும்!" விட்டேன். ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. "டர்போ போச்சு. டீசல் இல்லாம, தன் ஆயிலையே குடிச்சு ஓடியிருக்கு" என்றார்.

தூத்துக்குடி மில்லர்புரத்தில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் இழுத்துப் போனோம். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் அழுத்தம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள, அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பி உண்டு. அதைத் தொட்டதுமே அவர் நிமிர்ந்தார். "ஆறு சுத்துக்கு மேல திருகி, கம்பியக் குட்டையாக்கிருக்கான். ஏறக்கூடாத அழுத்தம் ஏறி, ஆயில் உள்ள போகாமத் தடுக்கிற டர்போ சீல் கிழிஞ்சுட்டு. எந்த ஒர்க்‌ஷாப்புக்காரன் செஞ்சான்? நம்பரக் குடும், நான் பேசுதேன்."

தப்பித்துக்கொள்ள வழி அவரே கொடுத்தார். என்னால் மறுபடி பொய் சொல்ல முடியவில்லை. "நான்தான் அண்ணாச்சி. வண்டி நல்லா இழுக்கணும்னு வீடியோ பாத்துத் திருகினேன்."

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். ஜான்சிதான் கேட்டாள். "அது சரியா இருக்கான்னு என்னை உக்கார வச்சுத்தான் பாத்தீங்களா?"

உங்களுக்குச் சொல்ல இரண்டு விஷயம். அழுத்தமானி இல்லாமல், விவரம் தெரிந்த ஆள் இல்லாமல் அந்தக் கம்பியைத் தொடாதீர்கள். பழுது பார்க்க எனக்கு மூன்று நாளும் 34,500 ரூபாயும் ஆனது. எஞ்சின் இப்படி வெறிபிடித்தால், கியர் வண்டியில் அந்த லாரிக்காரர் சொன்னதுதான் வழி. முடியாவிட்டால் எல்லாரும் இறங்கி விலகி ஓடிவிடுங்கள்.

அன்று ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு, கொற்கைக்கு பஸ்ஸிலும் ஆட்டோவிலுமாகப் போய்ச் சேர்ந்தோம். வயல்களுக்கு நடுவே அவள் ஒரு மணி நேரம் சுற்றினாள், படம் எடுத்தாள். திரும்பும்போது மதுரை பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அவள் முன்னால் போய், பெண்கள் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.