இடுப்பில் கயிற்றோடு பவளப்பாறைக்கு

போன மார்ச் மாதம் நானும் என் கணவர் பழனிவேலும் பாம்பன் போய், வாயில் மூச்சுக் குழலோடு கடலில் மிதந்து பவளப்பாறை பார்த்துவிட்டு வந்தோம். திரும்பி வந்து இரண்டு மாதமாகியும் எழுதக் கை வரவில்லை. எங்களைப் போலக் கடலே இல்லாத ஊர்க்காரர்கள் சிலர், “ஸ்நார்க்கலிங் போகலாமா, பயமா இருக்காதா?” என்று கேட்டபடி இருப்பதால் எழுதுகிறேன். போகலாம். பயமாகத்தான் இருக்கும்.

ஆசை அவருடையது. அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி எடை போடும் வேலை அவருக்கு. வருகிற கல்லில் சிப்பி பதிந்திருக்கும், சிலசமயம் பூ மாதிரி பவளமும் பதிந்திருக்கும். “செத்ததையே பாத்துகிட்டு இருக்கோம் செல்வி, உசுரோட ஒரு தடவ பாத்துரணும்” என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல ஆசைதான். ஆனால் மனிதருக்கு நீச்சல் தெரியாது. முட்டியளவுத் தண்ணீரில் இறங்கினாலே என் கையைத் தேடுகிற ஆள்.

எனக்கு நீச்சல் தெரியும். செந்துறைப் பக்கத்துக் கிணற்றில் பழகியவள். எங்கள் பக்கம் நீச்சல் பழக்குவது இப்படித்தான்: இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிடுவார்கள், மறுமுனை படியில் நிற்பவர் கையில் இருக்கும். முழுகினால் இழுப்பார், மிதந்தால் தளர்த்துவார். இடுப்பில் கயிறு இருக்கும்வரை சாவு கிடையாது என்று சின்ன வயதிலேயே என் மனதில் பதிந்துவிட்டது.

படகுக்காரரிடம் போனில் பேசினோம். நீச்சல் தெரியாதவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் உண்டு, பிடித்துக்கொள்ள மிதவை வளையம் உண்டு, கூடவே ஆள் வருவார், ஒருவருக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்றார். ஆஸ்துமா, இதயக் கோளாறு உண்டா என்றும் கேட்டுக்கொண்டார். கண்ணாடியும் மூச்சுக் குழலும் முன்கூட்டியே வாங்கி, என் அண்ணன் வயல் கிணற்றில் மூன்று ஞாயிற்றுக்கிழமை பழகினோம். முதல் நாள் இவர் வாயில் குழலை வைத்துக்கொண்டே மூச்சை அடக்கினார். “அதுக்கு எதுக்குங்க குழாயி? கம்முனு முழுவிட்டு வாங்க” என்று சிரித்தேன். மூன்றாவது வாரம் பத்து நிமிடம் முகம் குப்புற மிதந்தார். கயிறு என் கையில் இருந்தது. அது இல்லாமல் இறங்க மாட்டேன் என்று அன்றே சொல்லிவிட்டார்.

மகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குச் செந்துறையில் பஸ் ஏறினோம். அரியலூர் முக்கால் மணி நேரம், அங்கிருந்து திருச்சி இரண்டு மணி நேரம், பிறகு ராமேஸ்வரம் பஸ். பாம்பனில் இறங்கும்போது மதியம் இரண்டரை. மொத்தம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அதற்கு முன் பஸ் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்து முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கிணற்றுக்குச் சுவர் உண்டு. இதற்கு எதைப் பிடிப்பது?

மறுநாள் காலை ஏழு மணிக்குப் படகு. கூட வந்தவர் பெயர் அந்தோணி, முப்பது வயதிருக்கும். என் பையில் நைலான் கயிற்றைப் பார்த்ததும் முகம் மாறியது.

“அக்கா, இதெல்லாம் கடல்ல ஆகாது. பாறையில மாட்டுச்சுன்னா ஆள விடாது. வச்சுட்டு வாங்க.”

சரி என்றேன். அந்தோணி நங்கூரம் போடத் திரும்பிய நேரத்தில், கயிற்றின் ஒரு முனையை என் கணவர் இடுப்பிலும் மறுமுனையை என் இடுப்பிலும் சட்டைக்கு அடியில் கட்டிவிட்டேன். பன்னிரண்டு அடிக் கயிறு. மீதியைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஏழடித் தண்ணீர். அந்தோணி முன்னால் வளையத்தை இழுத்துப் போனார், இவர் அதைப் பிடித்து மிதந்தார், நான் பின்னால். கீழே குனிந்து பார்த்தேன். பவளம் பழுப்பும் ஊதாவுமாகக் கிளை கிளையாக நின்றது. இடையில் நீல மீன்கள். பார்த்த பரவசத்தில் கைச்சுருளை விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

என் இடுப்பை யாரோ பிடித்துக் கீழே இழுத்தார்கள். கயிறு கிளையில் சுற்றிக்கொண்டு எங்கள் இருவரையும் கடல்தரையோடு கட்டிப்போட்டிருந்தது. என் கணவர் கையிலிருந்து வளையம் நழுவியது. லைஃப் ஜாக்கெட் மேலே இழுக்க, கயிறு கீழே இழுக்க, ஒவ்வொரு அலைக்கும் அவர் தலைக்கு மேல் தண்ணீர் போனது. குழல் வாயிலிருந்து விழுந்துவிட்டது. கண்ணாடிக்குள் அவர் கண் என்னையே பார்த்தது. நான் முடிச்சோடு போராடினேன். நனைந்த நைலான் முடிச்சு இறுகிக் கல்லாகியிருந்தது. கத்த வாயைத் திறந்தேன், உப்புத் தண்ணீர்தான் உள்ளே போனது.

அந்தோணி முழுகி வந்து கத்தியால் அறுத்தார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

படகில் ஏற்றியதும் இவர் வாந்தி எடுத்தார். “படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல அக்கா” என்றார் அந்தோணி. கிளையும் ஒன்று முறிந்துபோயிருந்தது. வளர்வதற்கு எத்தனை வருசமாகுமோ என்று அவர் முனகியபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து இவர் எழுந்து, “நான் மறுபடி எறங்குறேன்” என்றார். வேண்டாம் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. கயிறில்லாமல், வளையத்தைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் பார்த்துவிட்டு வந்தார். நான் படகின் விளிம்பைப் பிடித்தபடி அவர் குழலின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகப் போகிறவர்களுக்கு: காலையிலேயே இறங்குங்கள், காற்று குறைவு. எந்த மாதம் கடல் தெளிவாக இருக்கும் என்று அங்குள்ளவர்களிடமே கேளுங்கள். கிணற்றில் பழகியவர்கள் கிணற்றுப் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பவளத்தின் மேல் நிற்காதீர்கள், தொடாதீர்கள். கூட வருபவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கயிறு ஏன் கூடாது என்பதற்கு நான் அறிந்த இன்னொரு காரணமும் உண்டு. திரும்பும் வழியில் பஸ் காரைக்குடி தாண்டியதும் இவர் மெதுவாகக் கேட்டார்: “தண்ணிக்குள்ள நீ முடிச்ச அவுத்துகிட்டு இருந்தியே, எந்த முடிச்சு? என் இடுப்புல இருந்ததா, ஒன் இடுப்புல இருந்ததா?”

“எங்கிட்ட இருந்ததுங்க” என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார். பிறகு, “அதுவுஞ் சரிதான். ஊர்ல புள்ள தனியா இருக்குல்ல” என்றார்.

எனக்குச் சமாதானமாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். அந்த அரை நிமிடத்தில் பிள்ளை ஞாபகம் எனக்கு வரவே இல்லை.