ஈயம் கீழே, முள் மேலே

மீன் நன்றாகக் கடிக்கிற காலத்தில் தூண்டில் சாமான் கடைக்கு ஆள் வருவதில்லை. வெயில் ஏறி, மீன் வாயை மூடிக்கொண்ட பிறகுதான் எல்லாருக்கும் தங்கள் தூண்டிலில் ஏதோ பிழை இருப்பதாகப் படும்.

எங்கள் கடை கொழும்பு கொட்டாஞ்சேனையில், ஒரு பேக்கரிக்கும் போன் திருத்தும் கடைக்கும் நடுவில் இருக்கிறது. கடை இவருடையது, என் வீட்டுக்காரருடையது. கடையில் இருப்பது நான். புதுச் சாமானைச் சோதித்துப் பார்க்க வேணும் என்று சொல்லி இவர் வாரத்தில் பாதி நாள் ஆற்றங்கரையில் நிற்பார். கல்யாணத்துக்கு முன் நான் வெள்ளவத்தையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தவள். அங்கே வருகிறவர்கள் நோய் வருத்தத்தைக் குறைத்துச் சொல்வார்கள். இங்கே மீனைக் கூட்டிச் சொல்கிறார்கள். ஏதாவது ஒரு கவுன்டருக்குப் பின்னால் நின்று பழகியவர்களுக்கு என் பாடு விளங்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

தலைகீழ்

போன வெயிலுக்கு இவர் டிரொப் ஷொட் என்ற ஒரு முறையைப் பழகிக்கொண்டு வந்தார். கொடுவா மீனுக்கு அதைப்போல ஒன்றும் இல்லையாம். வெயில் ஏறினால் கொடுவா பாலத்து நிழலுக்குள், தூண் ஓரமாக, ஆழத்தில் போய்ச் சும்மா நிற்கும். இரை தேடி ஓடாது. நாங்கள்தான் அதன் மூக்குக்கு முன்னால் இரையைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதற்காக நைலோன் நூலின் நுனியில் ஈயத்தைக் கட்டி, தூண்டில் முள்ளை அதற்கு ஒரு முழம் மேலே கட்டுவார்கள். ஈயம் அடியில் கிடக்கும். முள்ளில் கோர்த்த ரப்பர் புழு தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டு நிற்கும். தூண்டில் தடியின் நுனியை மெல்ல ஆட்டினால் புழு நின்ற இடத்திலேயே நெளியும்.

கடைக்கு வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று அப்படி ஒன்றைக் கட்டிக் கவுன்டருக்கு மேலே தொங்கவிட்டேன். முதலில் பார்த்தவர் நவ்சாட் நானா. பக்கத்துத் தெருவில் பலசரக்கு மொத்த வியாபாரம். தூண்டில் போடாத ஞாயிற்றுக்கிழமை அவருக்கு இல்லை. அதை எடுத்து இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். நான் விளக்கம் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. கட்டியது நான்தான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்: “தங்கச்சி, முள்ளு கீழ, ஈயம் மேல. வாப்பாட காலத்துல இருந்து அப்பிடித்தான். இத கட்டின நேரம் உங்கட மாப்புள நித்திரையிலயா ஈந்தாரு?”

ஐந்தாம் மாடி

சிவநாதன் ஐயா வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கிறார். காப்புறுதிக் கம்பனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் கனடாவில். எதையும் முறையாகப் பழக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, இந்த முறைக்குச் சாமான் வாங்க வந்தார். “ஈயம் அடியில முட்டுறதை விரல்தான் சொல்லும் ஐயா, கண்ணால பார்த்து ஒண்டும் செய்யேலாது” என்று இவர் சொல்வதை நான் அப்படியே ஒப்பித்தேன். ஆற்றுக்குப் போக முதல் எங்கே பழகலாம் என்று கேட்டார். உயரமான ஓர் இடத்தில் நின்று இறக்கிப் பாருங்கோ என்றேன். நான் நினைத்தது பாலத்தை. அவர் நினைத்தது தன்னுடைய பல்கனியை.

அவர் தினமும் பின்னேரத்தில் பல்கனியில் நின்று கீழே கார் நிறுத்தும் இடத்துக்கு ஈயத்தை இறக்கிப் பழகியிருக்கிறார். விரலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லத் தொடங்கியிருக்கிறது. ஒரு நாள் கடற்காற்று நூலை உள்ளே தள்ளி, மூன்றாம் மாடியில் காயப்போட்டிருந்த சேலையில் முள்ளைக் கொளுவிவிட்டது. விரல் ‘மீன்’ என்று சொல்ல, ஐயா தடியை வெடுக்கென்று உயர்த்தினார். மூன்றாம் மாடியில் இருக்கிற ஓய்வுபெற்ற சங்கீத டீச்சர் ஓடிவந்து சேலையின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டார். ஐயா இழுக்க டீச்சர் இழுக்க, நூல்தான் கடைசியில் அறுந்தது. அந்தப் பாரத்தைப் பற்றி ஐயா பிறகு என்னிடம் மரியாதையோடுதான் கதைத்தார்.

அடுத்த நாள் டீச்சர் கடைக்கு வந்தார். ஒரு டிஷ்யூவைப் பிரித்து ரப்பர் புழுவைக் கவுன்டரில் வைத்தார். நான் மன்னிப்புக் கேட்கக் கேட்க, கையைக் காட்டி நிறுத்தினார். “பிள்ளை, அந்த மனுசன் பாவம், தனிய இருக்கிறார், நான் அவரை ஒண்டும் சொல்லேல்லை. ஆனா அவருக்குப் படுத்திருந்து செய்யிற மாதிரி ஒரு பொழுதுபோக்கு உங்களிட்ட இல்லையோ?”

இறால் மணம்

வங்கியில் வேலை செய்கிற ஒரு தம்பி வெள்ளிக்கிழமைகளில் நெற்றி நிறைய விபூதியோடு வருவார். சுத்த சைவம். மீனைப் பிடித்து, கொஞ்ச நேரம் அதன் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார். ஒரு நாள் புழுப் பக்கற்றைப் பிரித்தவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, இது எதால் செய்தது என்று கேட்டார். ரப்பர் என்றேன். அப்ப இந்த மணம்? பக்கற்றில் உள்ளதை வாசித்துக் காட்டினேன்: மீனைக் கவர இறால் வாசனை சேர்த்தது. தம்பி பக்கற்றைத் தள்ளி வைத்தார். மணம் இல்லாத புழுவும் இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கினார். போகிற போக்கில் இறால் பக்கற்றையும் சேர்த்து வாங்கினார், மற்ற நாட்களுக்கு. நான் பார்த்த பார்வைக்கு அவராகவே விளக்கம் சொன்னார்: “எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா. வெள்ளிக்கிழமையில இந்த மணத்தோட போனால் அம்மா குசினிக்குள்ள விடமாட்டா.”

பாலத்தடியில் ஒரு விசாரணை

ஒரு நாள் உச்சி வெயிலில் மட்டக்குளிப் பாலத்தடியில் இருந்து இவர் போன் எடுத்தார். “இஞ்ச ஒரு பொலிஸ்காரர் நிக்கிறார். பையில இருக்கிற ஈயக் குண்டெல்லாம் என்னத்துக்கெண்டு கேக்கிறார். நீ கதை” என்றார். இவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும், காக்கிச் சட்டையைக் காணும்வரை. கண்டால் எல்லாம் மறந்து, கை அடையாள அட்டையைத் தேடத் தொடங்கிவிடும். யுத்த காலத்துச் சோதனைச் சாவடிகளில் நின்ற எங்கள் வயதுக்காரருக்கு அது ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மருந்துக் கடையில் பழகிய சிங்களத்தில், ஈயம் ஏன் கீழே, முள் ஏன் மேலே, வெயிலுக்குக் கொடுவா எங்கே நிற்கும் என்று முழுவதையும் அந்த மனிதருக்குச் சொன்னேன். பிறகு போன் நின்றுவிட்டது. திரும்ப எடுத்தால் பதில் இல்லை. பேக்கரிக்காரரிடம் கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஓட்டோ பிடித்தேன். போகிற வழி முழுக்க என் மனம் எங்கெங்கேயோ போய்வந்தது. இறங்கிப் பார்த்தால், பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தடியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறார். இவர் பக்கத்தில் இருந்து பாடம் நடத்துகிறார். போனை எடுக்க இரண்டு பேருக்கும் கை ஒழியவில்லையாம். அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்தது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தக் கிழமையே பொலிஸ்காரர் சாதாரண உடுப்பில் கடைக்கு வந்தார். தமிழில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்திருப்பார் போல. புழுவுக்கு மட்டும் சொல் கிடைக்காமல் சிங்களத்துக்குப் போனார். “அக்கா, அண்ணை வச்ச அந்த ரப்பர் பணுவா எனக்கும் தாங்க. அண்டைக்கி மீன் வந்தது, போனது. எனக்கு நித்திரை இல்லை.”

மாஸ்டரின் கை

ஜிந்துப்பிட்டித் தையற்கடைச் செல்வராஜ் மாஸ்டரிடம்தான் நான் வருடக்கணக்காகச் சட்டை தைப்பித்தேன். அவருக்குக் கை நடுக்கம் வந்தது. முதலில் கத்தரிக்கோலை மகன் வாங்கிக்கொண்டான். பிறகு மெஷினை. கடைசியில் பொத்தான் தைக்கிற ஊசியையும் வாங்கி வைத்துவிட்டார்கள். அதோடு மாஸ்டர் கதைப்பதையும் நிறுத்திவிட்டார். அவருடைய மனைவி பாக்கியம் அக்கா ஒரு நாள் கடைக்கு வந்து, ஒன்றும் வாங்காமல் நின்றார். “உங்க வீட்டுக்காரர் ஆத்துப் பக்கம் போறப்ப இவரையும் கூட்டிட்டுப் போவாரா? மீன் எல்லாம் வேணாம். செவுத்தப் பாக்குறதுக்குப் பதிலா தண்ணியப் பாக்கட்டும்” என்றார்.

நானே முள் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். நடந்ததை இவர் சொல்லித்தான் தெரியும். பாலத்தடியில் மாஸ்டர் வலது கையில் தடியைப் பிடித்து, நடுக்கம் தெரியாமல் இருக்க இடது கையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அப்படியே வெயில் ஏறியது. ஒரு கடியும் இல்லை. “மாஸ்டர், அந்தக் கையை விடுங்கோ, அது தன்ர பாட்டில ஆடட்டும்” என்று இவர் சொன்னார். அவர் விட்டார். தடி நுனி மெல்ல, ஒரே சீராக நடுங்கத் தொடங்கியது. இவர் எத்தனை மாதம் பழகியும் அந்த ஆட்டம் இவருடைய கைக்கு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தடி வளைந்தது. உதவிக்குப் போன இவரை மாஸ்டர் முழங்கையால் தள்ளிவிட்டாராம்.

நனைந்த சாக்கில் கொடுவாவைச் சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் நேரே கடைக்கு வந்தார்கள். முழங்கை நீளம் இருக்கும். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. போன் எடுத்துச் சொன்னதும் பாக்கியம் அக்கா வந்து, மீனைப் பார்க்காமல் மாஸ்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். யார் பிடித்தது என்று மெல்லக் கேட்டார். மாஸ்டரின் கை அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. “கை நடுங்குதுன்னு எங்கிட்ட இருந்த ஊசி எல்லாத்தையும் வாங்கி வச்சிட்டீங்க. இந்த வளைஞ்ச ஊசிக்கு நடுக்கம்தான் வேணுமாம், பாக்கியம்.”

இத்தனை பேருக்கும் முள் கட்டிக் கொடுத்துவிட்டேன், ஆனால் மீன் எதற்காகக் கடிக்கிறது என்று எனக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது, அதைக் கண்டுபிடிக்க இவர் நாளைக்கும் போகிறாராம்.