சவர பேசினில் அலசிய செடிகள்

காஜா பெராங் தெருவில் எனக்கு முடிவெட்டும் கடை. பக்கத்தில் ஒரு சீனர் காப்பிக்கடை வைத்திருந்தார். சனிக்கிழமை தவறாமல் என்னிடம் சவரம் செய்துகொள்வார். தெருவில் மீன்தொட்டி இருந்தது அவர் கடையில் மட்டும்தான்.

மெர்டேக்கா சமயத்தில், நாடு சுதந்திரமானபோது, நான் வீட்டுக்குப் போய்ச் சவரம் செய்துவந்த வெள்ளைக்காரர் ஒருவர் கப்பலேறினார். தன் கண்ணாடித் தொட்டியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நாலு தங்கமீன். நாடா மாதிரி நீண்ட இலையோடு கொஞ்சம் செடி.

கடை வாசலில் வைத்தேன். எதிரில் பெரிய நிலைக்கண்ணாடி மாட்டிய புதுக் கடை வந்திருந்தது. என்னிடம் கூட்டம் இருந்தால் எழுந்து அங்கே போய்விடுவார்கள். தொட்டி வந்தபிறகு மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எனக்கு இருந்த பிடி அது ஒன்றுதான்.

மூன்று வாரத்தில் இலையெல்லாம் பாசி. மயிர் மயிராகத் தொங்கியது. பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து வரும் லாரி டிரைவர் ஒருவர் பார்த்தார்.

"அண்ணே, செடிக்கே தாடி வளந்துருச்சு. மொதல்ல அதுக்குச் சவரம் பண்ணுங்க."

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

காப்பிக்கடைக்காரர் கேட்காமலே வந்து யோசனை சொன்னார். எங்களுக்குள் மலாய்தான். வெயிலில் வைத்ததால் வந்த பாசி, உள்ளே தள்ளி வை என்றார். செடியைப் பிடுங்கி, படிகாரம் கரைத்த தண்ணீரில் ஒரு நாள் போடு. பிறகு தண்ணீருக்குள்ளேயே வைத்து, அடியிலிருந்து நுனிக்கு இரண்டு விரலால் மெல்ல வழி. முற்றின இலையைக் கிள்ளிவிடு. நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசு.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் தொட்டியைப் பார்த்தபடி காப்பி குடித்தவர்கள் இப்போது என் கடையில் இருந்தார்கள். இவர் எதற்கு எனக்கு வழி சொல்கிறார்? டிரைவருக்கும் சந்தேகம்.

"படிகாரம் ரத்தத்தையே நிறுத்துது. மீன் மூச்ச நிறுத்தாதா?"

படிகாரத்துக்கு அலைய வேண்டியதில்லை. கத்தி கீறினால் தடவ வைத்திருந்த கல்லில் ஒரு துண்டு உடைத்தேன். கண்ணாடிக் குவளையில் ஒரே ஒரு செடியைப் போட்டுப் பார்த்தேன். அலசித் திரும்ப நட்டேன். நாலு நாள் காத்திருந்தேன். செடி அழுகவில்லை. மீனும் நன்றாக இருந்தது. அப்போதும் முழுதாக நம்பவில்லை.

மீதிச் செடிகளைக் கடை பேசினில் ஊறவைத்தேன். பாசி கையோடு வந்தது. சொன்னபடி மூன்று தரம் அலசினேன். நட்டேன். இலை பளிச்சென்று இருந்தது.

மறுநாள் காலையில் இரண்டு மீன் செத்து மிதந்தது. மற்ற இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

செத்த மீனைப் பேப்பரில் வைத்துக் காப்பிக்கடைக்கு எடுத்துப்போனேன். ஆட்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் முன்னால் மேசையில் வைத்தேன். இதற்குத்தானே சொன்னாய் என்று கேட்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னோடு வந்தார். எதில் அலசினாய் என்றார். பேசினைக் காட்டினேன். எத்தனையோ வருஷமாகச் சவர பிரஷ் கழுவிய பேசின். விளிம்பில் எனாமல் பெயர்ந்திருந்தது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அந்த வெடிப்பில் விரலால் தேய்த்தார். நுரை வந்தது.

"சவுக்காரம்" என்றார். "குவளையில சவுக்காரம் இல்ல."

போய், தன் தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் கொண்டுவந்தார். மீனை அதில் விடச் சொன்னார். வாங்கினேன். மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. கை அப்படிப் போய்விட்டது.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோந்தாச்சா? மீனை விடு."

இரண்டு மீனும் பிழைத்தன. தொட்டியைக் காலி செய்து கழுவி உள்ளே நிழலில் வைத்தேன். செடிக்கென்று தனி வாளி வாங்கினேன். பாசி பிறகு அவ்வளவாக வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். நாற்காலியில் சாய்ந்து தலையைப் பின்னால் போட்டார். தொண்டையில் கத்தியை வைத்தேன். எப்போதும்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

நானாக இருந்தால் மூடியிருக்க மாட்டேன்.