கடைசி சீட்டும் மூன்று சிவப்பு அம்புகளும்

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். தைத்து வரும் சட்டைகளைச் சோதிப்பது அவள் வேலை. வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்து எதையும் அனுப்பியதில்லை. உள்பக்கம் திருப்புவாள், தையலை விரலால் இழுப்பாள், பிசகிய இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். ஒரே வரிசையில் மூன்று அம்பு விழுந்தால், "லைனை நிறுத்து" என்று சொல்லும் உரிமையும் அவளுக்கு உண்டு. அப்போது மேலாளரே வாயை மூடிக்கொள்வார்.

அப்பேர்ப்பட்டவள் அன்று மதியம் மகளின் அசல் மதிப்பெண் சான்றிதழ்களை, ரசீதுகூட வாங்காமல், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டாள்.

"சரிபார்த்துட்டுத் தந்துடறோம் மேடம்" என்றார்கள். அவளை யாரும் மேடம் என்று அழைத்ததில்லை. அங்கேதான் சறுக்கினாள்.

மகளுக்கு வீடியோ கேம் வடிவமைக்கப் படிக்க வேண்டும். அரசுக் கல்லூரியில் அதற்கு இடம் கிடைத்திருந்தது. கட்டணம் தாயின் சம்பளத்துக்குள் அடங்கும். ஆனால் அன்று ஐந்து மணிக்குள் அசல் சான்றிதழ்களை ஒப்படைக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். மகளின் கண்ணோ இந்தத் தனியார் கல்லூரியின் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. சுவர் அகலத் திரைகள், சுழல் நாற்காலிகள். இங்கே கட்டணம் கட்டத் தாய் பத்து ஆண்டுக் கடன் வாங்க வேண்டும்.

"ஒரே ஒரு சீட்தான் மேடம் இருக்கு. நாலு மணிக்கு லிஸ்ட்டை மூடிடுவோம்" என்றார் டை கட்டிய சேர்க்கை அதிகாரி. பக்கத்து மேசையில் ஒரு தகப்பனிடமும் அதே ஒரே சீட்டை விற்றுக்கொண்டிருந்தார்கள். பெற்றோரின் பயத்தை முதலாகப் போட்டு நடத்தும் வியாபாரத்துக்குக் கல்வி என்று பெயர்ப்பலகை வைத்திருந்தார்கள்.

மணி மூன்றரை.

"கையெழுத்துப் போடும்மா, போயிடப் போகுது" என்று மகள் கிசுகிசுத்தாள்.

"இருடி. சார், உங்க பிள்ளைங்க செஞ்சது எதையாச்சும் காட்டுங்க."

அதிகாரி ஒரு திரையைத் தட்டினார். கோட்டைக்குள் ஒரு வீரன் ஓடினான். "மூணாம் வருஷ மாணவர்கள் செஞ்ச கேம்."

"வெளிப்பக்கம் நல்லாத்தான் இருக்கு. பாப்பா, நீ திருப்பிப் பாரு."

"தொடக் கூடாது மேடம்!"

"சட்டை வாங்கறவனே தொட்டுப் பார்த்துத்தான் வாங்கறான். நான் பிள்ளையையே விட்டுட்டுப் போகணும், தொடக் கூடாதா?"

மகள் அதற்குள் வீரனைக் கோட்டையின் இடது மூலைக்கு ஓட்டிச் சுவரில் மோதவிட்டாள். அவன் சுவருக்குள் புகுந்து மறுபக்கம் விழுந்தான். அவள் தாயின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இந்த மூலை எனக்குத் தெரியும். பழகிப் பார்க்கறதுக்காக இலவசமாத் தர்ற கேம் இது. நம்ம வீட்டு டப்பா கம்ப்யூட்டர்லயே இருக்கு. கதவுக்கு மட்டும் கலர் மாத்தியிருக்காங்க."

"மூணு வருஷம் படிச்சுட்டுக் கதவுக்குப் பெயிண்ட் அடிச்சாங்களா? சர்டிபிகேட்டைக் குடுங்க சார், கிளம்பறோம்."

"அது ஃபைல்ல ஏறிடுச்சு. விண்ணப்பத்தை ரத்து பண்ண எழுதிக் குடுங்க. ஒரு வாரத்துல வந்துடும்."

மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அரசுக் கல்லூரிக்குப் பஸ்ஸில் நாற்பது நிமிடம் ஆகும். ஒரு பெண்ணின் பன்னிரண்டு ஆண்டுப் படிப்பை அலமாரியில் பூட்டிவைக்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? யாரும் கேட்க மாட்டார்கள் என்ற துணிச்சல்தான் கொடுத்தது.

தாய் கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். ஓர் அம்பைத் திரையில், வீரன் புகுந்த மூலையில் ஒட்டினாள். இரண்டாவதை மேசைமேல் இருந்த 'கடைசி இடம்' பலகையில். மூன்றாவதைப் பூட்டிய அலமாரியில்.

"லைனை நிறுத்துங்க!"

நூறு தையல் மெஷின்களின் இரைச்சலை மீறிப் பழகிய குரல். வரிசையில் இருந்த பெற்றோர் எல்லாரும் திரும்பினார்கள்.

"அண்ணே, உங்களுக்கும் ஒரே சீட்டுன்னாங்களா? அக்கா, உங்களுக்கும் அதே சீட்டுதானா? என் பொண்ணு காட்டறதைப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. அதுக்கு முன்னாடி ஒரிஜினலைத் திருப்பிக் கேட்டுப் பாருங்க, தர்றாங்களான்னு."

பக்கத்து மேசைத் தகப்பன் பேனாவை மூடினார். "என் பையனோடதையும் எடுங்க சார்." இன்னொருவர் எழுந்தார். பிறகு நாலைந்து பேர்.

ஒரு வாரம் ஆக வேண்டிய சான்றிதழ்கள் நான்கு நிமிடத்தில் வந்தன.

பஸ்ஸில் தாய் ஒவ்வொரு தாளையும் முன்னும் பின்னும் திருப்பி எண்ணினாள். எல்லாம் இருந்தன. நிறுத்தத்திலிருந்து இருவரும் ஓடினார்கள். அரசுக் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர் மேசையைப் பூட்டப்போகும் நேரம். நான்கு ஐம்பத்திரண்டு.

"குடுங்கம்மா."

"முதல்ல ரசீது."

"வாங்கினப்புறம்தானேம்மா ரசீது?"

"ஒரு நுனியை நான் பிடிச்சுக்கறேன். நீங்க எழுதுங்க."

எழுத்தர் சிரித்துவிட்டார். ஒரு கையால் உறையைப் பிடித்தபடியே மறு கையால் எழுதி முத்திரை குத்தினார். அதற்குள் மகள் எதிரில் இருந்த கணினி அறைக்குள் நுழைந்து திரும்பியிருந்தாள்.

"அம்மா, அங்க ஒரு அக்கா செஞ்ச குதிரை மூணு காலாலதான் நடக்குது. நாலாவது கால் காத்துல தொங்குது."

"அவளே செஞ்சதா?"

"அவளேதான். கம்ப்யூட்டர்தான் ரொம்பப் பழசு. ஆனா உள்ள எல்லாத்தையும் திறந்து காட்டினா."

"அப்பச் சரி" என்று ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள் பூதக்கண்ணாடி.