பூ விரியும்வரை

மாப்பிள்ளை வீட்டாருக்குக் கோப்பை நீட்டுவதைப் போல நடுங்கவைக்கும் தொழில் வேறில்லை. பினாங்கு சிந்த்ரா தெருவில் ஜப்பான்காரம்மா ஒருத்தி நடத்திய விடுதியில் நான் பரிசாரகன். பிறத்தியார் கல்யாணத்துக்காக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு என் பாடு புரியும்.

பாலும் சீனியும்

ஜப்பான்காரர்களின் நிச்சயதார்த்தத்துக்குத் தேநீர் ஆகாது. உப்பிலும் காடியிலும் ஊறிய செர்ரிப் பூவை வெந்நீரில் போட்டுக் கொடுப்பார்கள். முதல் தடவை எனக்கு மனசு கேட்கவில்லை. நல்ல காரியத்தில் உப்புத் தண்ணீரா என்று பாலும் சீனியும் தாராளமாகச் சேர்த்தேன். காடி பட்டு எட்டுக் கோப்பையிலும் பால் திரிந்தது. நம் வீடாயிருந்தால் அந்தச் சகுனத்துக்கே சம்பந்தம் முறிந்திருக்கும். என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். முதலாளியம்மா சத்தம் போடவில்லை. மலாயில் மெதுவாகச் சொன்னாள்: "இன்னொரு தப்பு நடந்தால் நீ வரவேண்டாம்."

அடியில் கிடந்த பூ

கோப்பையில் பூ விரிய வேண்டும், அதுதான் மங்கலம். உப்பைச் சரியாக அலசாவிட்டால் சுருங்கிக் கிடக்கும், அதிகம் அலசினால் இதழ் உதிரும். ஒருநாள் மாப்பிள்ளை கோப்பையில் மட்டும் பூ அசையாமல் அடியில் கிடந்தது. எல்லாரும் அந்தக் கோப்பையையே எட்டிப் பார்த்தார்கள். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். கதவோரம் நின்று தண்ணீர்மலை முருகனுக்கு நூறு தேங்காய் நேர்ந்துகொண்டேன். சமையல்கார மரியதாஸ் அண்ணன் பக்கத்தில் நின்று மாதாவைக் கூப்பிட்டார். யார் இரங்கினார்களோ, இதழ்கள் மெல்லப் பிரிந்தன. அண்ணன் என் காதில் சொன்னார்: "தேங்காய நீ முருகனுக்கே ஒடை தம்பி, ஆனா பூவ விரிய வச்சது மாதாதான் லா."

கப்பல் வராத வாரம்

பூ ஊறிய ஜாடி ஜப்பானிலிருந்து கப்பலில் வரும். ஒருமுறை கப்பல் தாமதம். விருந்தாளிகள் வர ஒரு மணி நேரம் இருக்கையில் ஜாடியைத் திறந்தால் வெறும் உப்பு. முன்பே பார்க்காதது என் குற்றம்தான். பூக்காரரிடம் ஓடி மல்லிகை மொட்டு வாங்கிவந்து, அந்த உப்பிலேயே புரட்டி, அலசிப் போட்டேன்.

வாசனை என்னைக் காட்டிக்கொடுத்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் குடிக்காமல் கோப்பையை வைத்தார். முதலாளியம்மா என் பக்கம் திரும்பினாள். செர்ரிப் பூ தீர்ந்துவிட்டது, இது எங்கள் கல்யாணப் பெண்கள் சூடுகிற பூ என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த மணப்பெண் தன் கோப்பையை முழுதும் குடித்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்க மலாயில் சொன்னாள்: "செர்ரிப் பூவை நான் கோப்பையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இதைத் தினமும் பாசார்க் கடைகளில் பார்க்கிறேன். எனக்கு இது போதும்."

வேலை தப்பியது, ஆனால் அதன்பிறகு சில பெண்கள் மல்லிகையே வேண்டுமென்று கேட்டதால், ஒரு பூவுக்கு நடுங்கியவன் இரண்டு பூவுக்கு நடுங்க வேண்டியதாயிற்று.